வேப்பகுண்டா முதல் குத்தி வரை: ஓர் இருப்புப்பாதை சொல்லும் மரநடுகை வரலாறு

ரேணிகுண்டா என்றதும் தமிழ்நாட்டவர் பலருக்கு இரண்டு நினைவுகள் எழும். ஒன்று, 2009இல் வெளிவந்த அப்பெயர்த் திரைப்படம். மற்றொன்று, திருப்பதிக்குச் செல்லும்போது வண்டி நெடுநேரம் நிற்கும் சந்திப்பு. அதனை ஓர் ஊராக எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. இடப்பெயர் ஆய்வின் பொருட்டு அவ்வழியே பலமுறை சென்றுவந்த எனக்கும் நெடுங்காலம் அது இறங்கி ஏறும் இடமாகவே இருந்தது.

ஒரு மே மாத நண்பகலில் அங்கே சாலையோரத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். வெயில் நாற்பது பாகையைத் தாண்டியிருந்தது. கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒரே ஒரு வேப்பமரம். முப்பது நாற்பது பேர் அதன் நிழலுக்குள் நெருங்கி நின்றோம். நிழல் மெல்ல நகர, கூட்டமும் அதனுடன் நகர்ந்தது. கொய்யா விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் கால் மணிக்கு ஒருமுறை தம் கூடையை ஒரு சாண் இழுத்து வைத்தார். இந்த மரத்தை யார் வைத்தது என்று அவரிடம் கேட்டேன். “யார் வைத்தார்களோ, நான் வந்த நாளாய் இருக்கிறது” என்றார். தண்ணீர் யார் ஊற்றினார்கள் என்ற கேள்விக்கு அவரிடமும் விடையில்லை, அருகில் நின்றவர்களிடமும் இல்லை.

நகரங்களில் மரம் நடுவதன் நன்மைகளைப் பள்ளிக் கட்டுரை முதல் அரசு விளம்பரம் வரை எங்கும் படிக்கிறோம். அந்நன்மைகளை மறுப்பார் எவருமில்லை. நட்ட மரம் நிலைப்பதற்கு என்ன ஏற்பாடு வேண்டும் என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடையின் பெரும்பகுதி, அரக்கோணத்திலிருந்து வடமேற்கே ரேணிகுண்டா, கடப்பை வழியாகக் குந்தக்கல் நோக்கிச் செல்லும் ஒரே இருப்புப்பாதையின் ஓரத்தில் கிடக்கிறது என்பது என் எண்ணம். நிலையம் நிலையமாக அதனைப் பார்ப்போம்.

1. பெயர்கள்

திருத்தணியைக் கடந்து நகரியும் ஏகாம்பரகுப்பமும் கழிந்தபின் வேப்பகுண்டா என்றொரு சிறு நிலையம் வருகிறது. அடுத்து புத்தூர். அதற்கும் அப்பால் ரேணிகுண்டா. ‘குண்ட’ என்பது தெலுங்கில் குட்டையையும் சிறு குளத்தையும் குறிக்கும். தமிழில் ஆழத்தையும் நீர்நிலையையும் குறித்த ‘குண்டு’, ‘குண்டம்’ ஆகியவற்றுக்கு இது உறவு. ‘குண்டும் குழியும்’ என்ற தொடரில் இன்றும் அச்சொல் நம் வாயில் உயிரோடிருக்கிறது. ஆகவே வேப்பகுண்டா என்பது வேப்பங்குளம்.

‘ரேணி’ சற்று நின்று பார்க்க வேண்டிய சொல். இலந்தையைத் தெலுங்கில் ‘ரேகு’ என்பர். ராயலசீமைப் பேச்சுவழக்கில் இலந்தைப் பழம் ‘ரேணிப் பண்டு’ ஆகும். ரேணிமாகுலபல்லி என்ற ஊர்ப்பெயரும் அச்சீமையில் உண்டு. ‘மாகு’ என்றால் அங்கு மரம். தமிழில் இலந்தைக்கு ‘இரத்தி’ என்றொரு பழம்பெயர் இருந்தது. சொல்முதலில் உள்ள உயிரும் அதனை அடுத்த ரகரமும் தெலுங்கில் இடம் மாறுவது மொழியியல் மாணவர் அறிந்த விதி: நம் உரல் அங்கே ‘ரோலு’, நம் இரவு அங்கே ‘ரேயி’. அந்த வரிசையில் இரத்தியையும் ரேகையும் ஒரு வேரில் வைத்துப் பார்க்க இடமுண்டு. இவற்றைக் கொண்டு ரேணிகுண்டா என்பதை ‘இலந்தைக்குளம்’ என்று வாசிக்கிறேன். வேப்பகுண்டா அருகிலேயே இருப்பது இவ்வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. இரண்டு பெயர்களின் அமைப்பும் ஒன்றுதான்: மரமும் நீரும்.

இவ்வமைப்பு ஆந்திரத்துக்கு மட்டும் உரியதன்று. தென்காசிப் பக்கம் ஆலங்குளம், மதுரையில் இலந்தைக்குளம், ஈழத்து வன்னியில் புளியங்குளம், வேப்பங்குளம் என்று பட்டியல் நீளும். ஓர் இடத்துக்குப் பெயரிட்ட மக்கள் அதன் முதன்மை அடையாளமாக மரத்தையும் குளத்தையும் சேர்த்தே கண்டனர். குளத்தங்கரை மரத்தின் வேர் கரையைப் பிடித்தது. குளத்தின் ஈரம் மரத்தை வளர்த்தது. இரண்டின் பயனையும் வழிப்போக்கரும் கால்நடையும் பெற்றனர். புறநானூற்றில் இரத்தி மரம் தோன்றும் இடமும் இங்கு நினைக்கத்தக்கது. அது அங்கே காட்டு மரமாக வரவில்லை. ஊரார் கூடும் அகன்ற மன்றத்தில் ஓங்கி நிற்கிறது. ஊர்ப் பொதுவிடத்து மரம் என்ற கருத்து நமக்கு அவ்வளவு பழையது.

2. எர்ரகுடிப் பாறை

காலத்தால் முந்திய எழுத்துச் சான்றைக் காண இப்பாதையின் மறுகோடிக்குச் செல்ல வேண்டும். குந்தக்கல்லுக்கு முன்னுள்ள குத்தி நிலையத்தில் இறங்கிப் பத்திகொண்டா செல்லும் சாலையில் போனால் எர்ரகுடி வரும். அங்குள்ள பாறைகளில் அசோகரின் பெரும்பாறை ஆணைகள் பொறிக்கப்பட்டுள்ளன. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்குரிய அவ்வாணைகளுள் இரண்டாவது, தமிழ் மாணவர் அனைவரும் பெயரளவிலேனும் அறிந்தது. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் குறிக்கப்படுவது அதில்தான். அரசியல் வரலாற்றுக்காக அதனை எடுத்தாளும் நாம், அது உண்மையில் எதைப் பற்றியது என்பதை விட்டுவிடுகிறோம். மனிதர்க்கும் விலங்குகட்கும் மருத்துவம், மருந்துச் செடிகளும் கிழங்கும் பழமும் இல்லாத இடங்களில் அவற்றைக் கொணர்ந்து நடுதல், வழிநெடுகக் கிணறு வெட்டுதல், மரம் வைத்தல் ஆகியவையே அதன் பொருள்.

கிணறும் மரமும் அங்கே ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. அரசரின் ஏழாம் தூண் ஆணையும் அதே இணைப்பைத் தருகிறது: வழிகளில் ஆலமரங்கள், மாந்தோப்புகள், குறித்த தொலைவுக்கொரு கிணறு, தங்குமிடம், தண்ணீர்ப் பந்தல். மரம் இவ்வரிசையில் அழகுப் பொருளாக வைக்கப்படவில்லை. வழி ஒன்று பயன்படத்தக்கதாவதற்குத் தேவையான உறுப்புகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. வெயிலில் பொதி சுமக்கும் எருதுக்கு நிழலில்லாத பாதை பாதியளவே பாதை.

நம் மொழியிலும் இதன் எதிரொலி உண்டு. பழைய அகராதிகள் ‘சாலை’ என்பதற்கு இருமருங்கும் மரம் வளர்ந்த வழி என்றும் பொருள் தருகின்றன. நிழல் தரும் மரம் சொல்லின் பொருளுக்குள்ளேயே இருந்தது. இன்று அச்சொல்லிலிருந்து மரம் உதிர்ந்து தார் மட்டும் எஞ்சியுள்ளது.

3. தோட்ட வாரியமும் ஏரி வாரியமும்

அசோகர் ஆணையிட்டார். ஆணையிட்ட பின் மரத்தைக் காத்தவர் யார்? இதற்கு விடை தரும் சான்று ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தொண்டை மண்டலத்தில் கிடைக்கிறது. ரேணிகுண்டா அமைந்துள்ள நிலப்பகுதி அம்மண்டலத்தின் திருவேங்கடக் கோட்டத்தைச் சார்ந்தது. சுற்றுவட்டத்திலுள்ள திருமலை, திருச்சானூர், குடிமல்லம் ஆகிய இடங்களின் பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழிலேயே இருப்பது அதனால்தான். அதே மண்டலத்தின் தென்பகுதியிலுள்ள உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து இரு கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரியவை, ஊர்ச்சபையின் அமைப்பை விரிவாக உரைக்கின்றன.

குடவோலை முறையைப் பாடநூல்கள் மக்களாட்சியின் முன்னோடியாகப் போற்றுகின்றன. அக்குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எந்தப் பணிக்குச் சென்றார்கள் என்பதே இங்கு நமக்கு வேண்டியது. ஆண்டு வாரியத்துக்கு அடுத்துச் சொல்லப்படுபவை 12 பேர் கொண்ட தோட்ட வாரியமும் 6 பேர் கொண்ட ஏரி வாரியமும் ஆகும். பதவிக்காலம் 360 நாள். முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றிய மூத்தோர் ஆண்டு வாரியத்துக்கு உரியவர் ஆயினர். அதாவது தோட்டத்தையும் ஏரியையும் பார்த்தது ஊராள்வதற்கான பயிற்சியாகக் கருதப்பட்டது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடப்படும் தகுதியை இழந்தனர்.

கோயில்களிலும் இம்முறையே காணப்படுகிறது. நந்தவனம் அமைத்தவர் அதனைப் பேணுவோர்க்கென நிலமும் விட்டுச் சென்றார். அந்நிலத்துக்குத் திருநந்தவனப்புறம் என்று பெயர். ஏரியைப் பேணுவதற்கு விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி. நட்டவர் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள் பேணுவோர்க்குரிய வருவாயையும் அதே கல்லில் வெட்டினர். இச்சொற்களை வெறும் வரிச்சொற்களாகப் படிப்பது போதாது. செடி நட்ட நாளிலேயே அதற்கு அடுத்த நூறாண்டுக்கான நீரும் ஆளும் கணக்கிடப்பட்டதன் தடயங்கள் இவை.

இச்சமூகத்தைப் பொற்காலமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. சபையில் அமர நிலமும் வேதக் கல்வியும் தகுதிகளாயிருந்தன. தோட்டத்தில் மண் சுமந்தவர்க்கு அங்கு இடமில்லை. ஆயினும் மரத்துக்குப் பொறுப்பாளரும் வருவாயும் கணக்கும் வேண்டும் என்ற நிர்வாக அறிவு அங்கு இருந்ததென்பதை மறுக்க இயலாது.

4. விறகில் ஓடிய வண்டி

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடியது. அதே ஆண்டில் ஸ்காட்லாந்து மருத்துவரான ஹியூ கிளெகார்ன் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அமர்த்தப்பட்டார். இவை இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. வண்டிப்பாதைக்குக் குறுக்குக்கட்டைகள் வேண்டும். நிலக்கரி எளிதில் கிடைக்காத தென்னாட்டில் வண்டி எந்திரங்கள் முதற்சில பத்தாண்டுகள் விறகையே எரித்தன. பாதை எந்த ஊரை அடைந்ததோ அவ்வூரைச் சூழ்ந்த மலைகளின் மரத்துக்கு விலை ஏறியது.

மதராஸ் இரயில்வேயின் வடமேற்குப் பாதை 1862இல் ரேணிகுண்டாவை அடைந்தது. 1871இல் இராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையுடன் இணைந்தது. பின்னர் 1891இல் திருப்பதி வழியாக மற்றொரு பாதையும் வந்து, ரேணிகுண்டா சந்திப்பு ஆயிற்று. இலந்தைக்குளம் என்ற பொருளுடைய சிற்றூர் இவ்வாறு இரும்பின் ஊராக மாறியது. அப்பாதைகளில் ஓடிய எந்திரங்களின் பசிக்குக் காடுகள் தாங்கமாட்டா என்பதைக் கிளெகார்ன் உணர்ந்திருந்தார். 1861இல் வெளிவந்த அவரது தென்னிந்தியக் காடுகளும் தோட்டங்களும் பற்றிய நூல் அக்கவலையைப் பதிவுசெய்கிறது. சென்னையைச் சுற்றிச் சவுக்குத் தோப்புகள் பெருகியதும் விறகுத் தேவையை ஒட்டித்தான். ‘தோப்பு’ என்ற நம் சொல்லை ஆங்கில வருவாய்த்துறை ஆவணங்களும் தமதாக்கிக்கொண்டன.

ரேணிகுண்டாவுக்கு வடக்கே மாமண்டூர், பாலபல்லி கடந்தால் கோடூர் வருகிறது. இன்றும் அதன் பெயர் ரயில்வே கோடூர். அங்கே 1860களில் செம்மர நடுகை தொடங்கப்பட்டது. உலகில் இயற்கையாகச் செம்மரம் வளரும் இடம் சேஷாசல மலையும் அதனை ஒட்டிய தென்கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுமே. சாயத்துக்காக ஐரோப்பாவுக்கும் பின்னர் இசைக்கருவி முதலியவற்றுக்காகக் கிழக்காசியாவுக்கும் அது சென்றது. வெட்டிக் கிடத்திய நிலையில் மரத்துக்கு என்ன விலை என்ற கணக்கு இவ்வாறு துல்லியமாயிற்று. அக்கணக்கின் இருண்ட முகத்தை நாம் 2015 ஏப்ரல் 7 அன்று கண்டோம். சேஷாசலக் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் ஆந்திரச் சிறப்புப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து எளிய மக்கள் அவர்கள். ரேணிகுண்டாவையும் மரத்தையும் ஒருசேர எழுதும் எவரும் அந்நாளைத் தாண்டிச் செல்ல முடியாது. வெட்டிய மரத்தின் விலையைக் கிலோவுக்கு இவ்வளவு என்று அறிந்த உலகம், சாலையோரத்தில் உயிரோடு நிற்கும் வேம்பு என்ன தருகிறது என்பதற்குக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இக்காலத்தில் நேர்ந்த மற்றொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. ஏரியும் சாலையும் பொதுப்பணித்துறையிடம் சென்றன. காடு வனத்துறையிடம் சென்று, 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் வேலியிடப்பட்டது. வண்டிப்பாதை தனிக் குழுமத்திடம் இருந்தது. மரம், நீர், வழி என்னும் மூன்றையும் சேர்த்து நோக்கிய பழைய பார்வை மூன்று அலுவலகங்களுக்குப் பிரிந்தது. ஊருக்குள் நிற்கும் மரம் இம்மூன்றில் எதற்கும் முழுமையாக உரியதாகவில்லை.

5. கமலாபுரத்து விதை

கடப்பையைத் தாண்டியதும் கமலாபுரம். மரம் நடுவது எப்போதும் நன்மையே என்று எண்ணுவோர் இந்நிலையத்தில் சற்று நிற்க வேண்டும். வறண்ட நிலத்தில் விறகுக்கு ஏற்ற மரத்தைத் தேடிய வன அதிகாரி பெட்டோமின் முயற்சியால், ஜமைக்காவிலிருந்து வரவழைக்கப்பட்ட விதைகள் 1877இல் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. அம்மரத்தை நாம் சீமைக்கருவேலம் என்று அறிவோம்.

பெட்டோம் அறிவில்லாதவர் அல்லர். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றன. அவர் முன்னிருந்த கேள்வி, குறைந்த நீரில் விரைந்து விறகு தருவது எது என்பது. அக்கேள்விக்குச் சீமைக்கருவேலம் சரியான விடைதான். பல மாவட்டங்களில் ஏழைக் குடும்பங்களின் அடுப்பும் கரிமூட்டத் தொழிலும் அதனால் நடந்தன. ஆனால் ஏரிகளின் உட்புறத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் அது கைப்பற்றியபோது கேட்கப்படாத கேள்விகள் வெளிவந்தன. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற ஆணைகளுக்குப் பிறகும் அதனை அகற்றும் பணி முடிந்தபாடில்லை.

நகர மரங்களுக்கும் இப்படிப்பினை பொருந்தும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. விரைவில் குடைவிரித்துப் பூப்பதற்காக வைக்கப்பட்ட அயல்மரங்கள் அவற்றில் மிகுதி. வேர் ஓட இடமின்றிச் சிமென்ட் சூழ நின்றவையும் தாக்குப்பிடிக்கவில்லை. எந்த மரம், எந்த மண்ணில், யாருக்காக என்ற மூன்றும் கேட்கப்படாத நடுகைக்கு விலை பின்னால் வரும்.

6. புளிய மரத்தின் ஏலக்கணக்கு

குடியேற்றக் காலத்தை முழுதும் இழப்பின் காலமாகக் கொள்வதும் சரியன்று. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பின் மாவட்டக் கழகங்கள் சாலையோர மரங்களைப் பேணின. மதுரை நாயக்க அரசி மங்கம்மாள் பெயரால் தென்னாட்டில் இன்றும் வழங்கும் மரச்சாலைகளின் மரபை அவை தம் வழியில் தொடர்ந்தன எனலாம். புளி, ஆல், வேம்பு, புங்கு, மா, நாவல் ஆகியவை அவற்றின் தெரிவு. இவற்றுள் புளிக்கும் மாவுக்கும் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. ஆண்டுதோறும் காய்ப்பின் பலன் ஏலம் விடப்பட்டது. தமிழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் புளியமரப் பலனின் ஏலம் இன்றும் நடைபெறுகிறது.

ஏலத்தின் பயன் பணத்தோடு முடியவில்லை. ஏலம் விட வேண்டுமானால் மரங்களை எண்ண வேண்டும், எண்ணிட வேண்டும், பதிவேடு வேண்டும். பதிவேட்டில் உள்ள மரம் காணாமற்போனால் கேள்வி எழும். எடுத்தவரும் தாம் பணம் கட்டிய மரத்தைக் கண்காணிப்பார். தோட்ட வாரியத்தின் கணக்கும் நந்தவனப்புறத்தின் வருவாயும் வேறு உருவில் இங்கே தொடர்கின்றன. சாலை அகலப்படுத்தப்படும் இடங்களில் முதலில் விழுவன இப்புளிய மரங்கள். ஒரு மரத்துக்கு ஈடாகப் பத்துக் கன்றுகள் நடப்படும் என்று அறிவிப்பு வரும். அப்பத்துக்கும் பதிவேடு உண்டா என்பதே நாம் கேட்க வேண்டியது.

7. நிழலின் கணக்கு

இனி வேப்பமரத்தடிக்குத் திரும்புவோம். அங்கு நின்ற எங்களுக்கு அம்மரம் தந்தது என்ன?

முதலாவது நிழல். நேர்வெயில் உடலிலும் தார்ச்சாலையிலும் படாமல் தடுக்கிறது. பகலில் சூடேறிய தாரும் சிமென்டும் இரவெல்லாம் அவ்வெப்பத்தை வெளியிடுவதால்தான் நகரத்து இரவு சிற்றூர் இரவைவிடப் புழுங்குகிறது. நிழல்பட்ட தரை அவ்வளவு சூடேறுவதில்லை.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாதது. மரம் வேரால் உறிஞ்சிய நீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக்குகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் தேவை. மின் அலகில் சொன்னால் இது யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. நன்கு வளர்ந்த மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை ஆவியாக்கினால் ஏறத்தாழ 67 யூனிட் வெப்பம் சுற்றுப்புறத்திலிருந்து எடுக்கப்படும். ஒன்றரை டன் குளிரூட்டி 12 மணி நேரத்துக்கு மேல் இயங்கி ஓர் அறையிலிருந்து அகற்றும் வெப்பம் அது. குளிரூட்டி அதனை வெளியே தெருவில் கொட்டுகிறது. தெருவில் நிற்பவர் அந்த வெப்பத்தையும் தாங்குகிறார். மரம் தெருவையே குளிர்விக்கிறது. குளிரூட்டி வாங்க இயலாத கொய்யாக்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் கிடைக்கும் ஒரே பொதுக் குளிர்ச்சி இதுவே.

இக்கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. வேருக்கு நீர் கிடைக்க வேண்டும். கடும் வறட்சியில் மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். அப்போது நிழல் எஞ்சும், குளிர்ச்சி குறையும். ஆகவே நகர மரத்தின் நன்மை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, மரத்தின் வழியே செல்லும் நீரின் நன்மை. வேப்பகுண்டாவும் ரேணிகுண்டாவும் இதனைத் தம் பெயரிலேயே வைத்திருக்கின்றன. குட்டையைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டு அதன் வாயிலில் கன்று நடும்போது நாம் பெயரின் பாதியை மட்டும் நடுகிறோம்.

மறுதிசையிலும் இவ்வுறவு இயங்குகிறது. 2021 நவம்பர் மழையில் திருப்பதி நகரத் தெருக்கள் வெள்ளக்காடானதை நாம் மறந்திருக்க மாட்டோம். மரத்தடியில் விடப்படும் திறந்த மண், பெய்யும் நீரில் ஒரு பகுதியை உள்வாங்கும். இலைப்பரப்பு மழையின் வேகத்தைத் தணிக்கும். அத்தகைய பெருமழையை மரங்கள் மட்டும் தடுத்துவிடா. குட்டையும் வாய்க்காலும் மரத்தோடு சேர்ந்து இருந்தால் சுமை பகிரப்படும்.

8. எண்ணிக்கையும் பொறுப்பும்

1950இல் கே.எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கிவைத்தார். ஆந்திரத்தில் 2016இல் வனம்–மனம் இயக்கம் வந்தது. 2024இல் தாயின் பெயரால் ஒரு மரம் என்ற அழைப்பு நாடெங்கும் விடுக்கப்பட்டது. இவற்றால் கோடிக்கணக்கான கைகள் மண்ணைத் தொட்டன என்பது சிறிய செய்தியன்று. ஆயினும் இவ்வியக்கங்களின் அளவுகோல் நட்ட நாளின் எண்ணிக்கை. உத்தரமேரூர்ச் சபை கேட்டதோ 360ஆம் நாளின் கணக்கு.

சட்டம் இல்லாமலில்லை. ஆந்திரத்தின் 2002ஆம் ஆண்டுச் சட்டம் நீர், நிலம், மரம் ஆகிய மூன்றையும் தன் பெயரிலேயே ஒன்றாக வைத்துள்ளது. மரம் வெட்ட ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிரிந்துபோன மூன்றையும் ஒரு சட்டத்தின் கீழ்க் கொணர்ந்த சிந்தனை பாராட்டத்தக்கது. அதனைத் தெருவுக்குக் கொணர மூன்று ஏற்பாடுகள் போதும் என்று கருதுகிறேன். நகராட்சியோ ஊராட்சியோ தன் எல்லையிலுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டுப் பதிவேடு வைத்தல். நடுகைக்கு ஒதுக்கும் தொகையில், முதல் மூன்று கோடைகளுக்கான நீருக்கும் ஆளுக்கும் ஒரு பங்கைத் தனியே வைத்தல். குட்டையும் வாய்க்காலும் மரமும் ஒரே குழுவின் பொறுப்பில் இருத்தல். இவற்றில் ஒன்றுகூடப் புதியதன்று. முதலாவது ஏலப் பதிவேடு, இரண்டாவது நந்தவனப்புறம், மூன்றாவது அடுத்தடுத்து அமர்ந்த இரு வாரியங்கள்.

இன்று ரேணிகுண்டாவைச் சுற்றி மின்னணுத் தொழிற்சாலைகள் எழுகின்றன. வானூர்தி நிலையம் விரிகிறது. அருகே ஏர்ப்பேட்டில் இரு தேசிய உயர்கல்வி நிறுவனங்களின் வளாகங்கள் அமைந்துள்ளன. இன்னும் இருபது ஆண்டுகளில் திருப்பதியும் ரேணிகுண்டாவும் இடைவெளியற்ற ஒரே நகரமாகிவிடக்கூடும். எந்தச் சாலையில் எந்த மரம் நிற்கும் என்பது இப்போது முடிவு செய்யப்படாவிட்டால் பின்னர் அதற்கு இடமே இராது. இலந்தைக்கு அச்சீமையின் வறட்சி தெரியும். வேம்புக்கும் புங்குக்கும் நாவலுக்கும் தெரியும்.

இறுதியாக, இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலோ அண்டை ஊரிலோ மரமும் நீர்நிலையும் சேர்ந்த பெயர்கள் இருப்பின் கருத்துப் பகுதியில் பதியுங்கள். பெயருடன் இரண்டு செய்திகள் வேண்டும்: அந்த மரவகை அங்கு இன்றும் நிற்கிறதா, அந்த நீர்நிலை இன்றும் உள்ளதா. நூறு ஊர்கள் சேர்ந்தால் அட்டவணையாக்கி இங்கேயே பகிர்கிறேன். முதல் வரியாக ரேணிகுண்டாவை நானே எழுதிவைத்துள்ளேன். அடுத்த முறை அங்கு இறங்கும்போது, அந்த மூதாட்டியிடம் மரத்தைப் பற்றிக் கேட்டதைப் போலவே குளத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.